டெபியனில் டிபெண்டென்சிச் சிக்கு எடுப்பது எப்படி

டெபியன் என்ற லினக்ஸில் மென்பொருள் நிறுவும் கருவி ஆப்ட். அது ஒரு பேக்கேஜை, அதாவது மென்பொருள் பொதியை, போட மறுக்கும்போது சும்மா மறுக்காது. நாலைந்து வரி எழுதிக் காட்டும். இது வேண்டும், ஆனால் கிடைக்கவில்லை. அது இருக்கிறது, ஆனால் இந்தப் பதிப்பு போதாது என்று காரணத்தோடு சொல்லும். அந்த வரிகளை முழுதாகப் படிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. படிக்காமலே தேடி, எவரோ எதற்கோ எழுதிய 'ஃபோர்ஸ்' கட்டளையை ஒட்டிவிட்டு, அடுத்த வாரம் "ஸ்கிரீனே வரலீங்க" என்று போன் செய்வார்கள். விடையின் முக்கால்வாசி அந்த நாலு வரியிலேயே கிடக்கும்.

நான் திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் பக்கம் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கு லினக்ஸ் மெஷின் பார்த்துக் கொடுக்கிறவள். எம்பிராய்டரி யூனிட், பனியன் லேபிள் அடிக்கும் இடம், நூல் எடை போட்டுப் பதியும் குடோன், ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரியின் பில்லிங் மெஷின். எல்லாவற்றிலும் டெபியன்தான். அதனால் இங்கே சொல்வது டெபியனுக்கு. உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். சிஸ்டத்தில் எதையாவது மாற்றும் கட்டளை என்றால் முன்னால், நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் 'சுடோ' உண்டு.

பேக்கேஜுக்குள் என்ன எழுதியிருக்கிறது

திருப்பூர்க்காரர்களுக்கு டிபெண்டென்சி, அதாவது சார்பு, என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நூல் வராமல் நிட்டிங் இல்லை, நிட்டிங் முடியாமல் டையிங் இல்லை, காம்பாக்டிங் ஆகாமல் துணி கட்டிங் மேஜைக்கு வராது. நடுவில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நின்றால் பேக்கிங்கில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மென்பொருளிலும் ஒருவரே எல்லாவற்றையும் செய்வதில்லை. இணையத்தில் பூட்டுப் போட்டுப் பேசும் வேலைக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஒரே நூலகத்தைப் பல நிரல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

டெபியனில் ஒரு பேக்கேஜ் என்பது ஒரு டெப் ஃபைல். யாருக்கு யார் வேண்டும் என்ற கணக்கு ஒவ்வொரு டெப் ஃபைலுக்குள்ளும் எழுதியிருக்கும். 'ஆப்ட் ஷோ' என்று போட்டுப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் தெரியும். 'டிபெண்ட்ஸ்' வரியில் இருப்பது இல்லாமல் அது ஓடாது. 'ரெக்கமெண்ட்ஸ்' என்பது அநேகமாக எல்லோருக்கும் தேவைப்படுவது, ஆனால் இல்லாவிட்டாலும் ஓடும். 'சஜெஸ்ட்ஸ்' இருந்தால் இருக்கட்டும் என்ற வகை. ஆப்ட் தானாக அதை எடுத்து வராது. 'கான்ஃப்ளிக்ட்ஸ்', 'பிரேக்ஸ்' இரண்டும் ஒத்துப்போகாதவர்களின் பட்டியல்.

'புரொவைட்ஸ்' வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். 'மெயில் டிரான்ஸ்போர்ட் ஏஜென்ட்' என்று டெபியனில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் நிஜமான பேக்கேஜ் எதுவும் கிடையாது. மெயில் அனுப்பும் நிரல்களான எக்சிமும் போஸ்ட்ஃபிக்ஸும் "அந்த வேலையை நான் செய்கிறேன்" என்று இந்த வரியில் சொல்லிவைத்திருக்கின்றன. கேட்கிற பேக்கேஜுக்கு யாராவது ஒருவர் இருந்தால் போதும். இரண்டு பேரும் ஒரே மெஷினில் இருக்க முடியாது என்பதால் போஸ்ட்ஃபிக்ஸ் போட்டால் எக்சிம் போகும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் நடக்க வேண்டும்.

ரெக்கமெண்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2009-ல் வந்த லென்னி பதிப்பிலிருந்து ஆப்ட் இவற்றையும் சேர்த்தே போடுகிறது. சின்ன டிஸ்க் உள்ள மெஷின் என்றால் 'இரட்டைக் கோடு நோ இன்ஸ்டால் ரெக்கமெண்ட்ஸ்' என்று சேர்த்துத் தவிர்க்கலாம். எடை மெஷினோடு பேசுவதற்கென்று மூலையில் கிடக்கும் பெட்டிக்கு நான் அப்படித்தான் போடுவேன். மனிதர் உட்கார்ந்து வேலை பார்க்கும் மெஷினில் போடமாட்டேன். எழுத்துரு வரவில்லை, பிரிண்டர் பட்டியலில் இல்லை என்று பிறகு ஒவ்வொன்றாகத் தேடி அலைவதற்கு ஐம்பது எம்பி டிஸ்க் போனால் போகட்டும்.

எந்தக் கட்டளை எந்த அடுக்கில்

'டிபிகேஜி' கீழடுக்கு. கொடுத்த டெப் ஃபைலைப் பிரித்து வைக்கும், சார்பு இல்லையென்றால் குறை சொல்லும். தானாகப் போய் எடுத்து வராது. 'ஆப்ட்' அதன் மேலே உட்கார்ந்து, கிடங்குகளில் (பேக்கேஜ்களை வைத்திருக்கும் இணைய இடங்களில்) தேடி, எது எது எந்த வரிசையில் என்று கணக்குப் போட்டு, டிபிகேஜியிடம் கொடுக்கும். ஆகவே கையில் ஒரு டெப் ஃபைல் இருந்தால் 'டிபிகேஜி ஹைபன் ஐ' வேண்டாம். 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று எழுதி, ஃபைல் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் வையுங்கள். அந்தப் புள்ளியும் சாய்கோடும் இல்லையென்றால் ஆப்ட் அதைக் கிடங்கில் உள்ள பெயர் என்று நினைத்துத் தேடும். வைத்தால் உள்ளூர் ஃபைலையே எடுத்துக்கொண்டு, வேண்டிய மற்றவற்றைக் கிடங்கிலிருந்து தானே கொண்டுவந்து சேர்க்கும்.

'ஆப்ட் அப்டேட்' பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு இன்ஸ்டால் செய்யப் பார்த்தால், கிடங்கில் இப்போது இல்லாத ஃபைலைக் கேட்டு 404 வாங்குவீர்கள். பாதிப் புகார் இதிலேயே தீரும். 'அப்கிரேட்' எந்தப் பேக்கேஜையும் நீக்காமல் முடிந்தவற்றை மட்டும் ஏற்றும். 'ஃபுல் அப்கிரேட்' தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். அதனால் முதலில் அப்கிரேட், பிறகு ஃபுல் அப்கிரேட்.

போடுவதற்கு முன் ஒத்திகை

எந்தப் பேக்கேஜாக இருந்தாலும் முதலில் 'ஆப்ட் ஹைபன் எஸ் இன்ஸ்டால்' என்று போட்டுப் பார்ப்பேன். ஹைபன் எஸ் என்றால் ஒத்திகை, எதுவும் மாறாது. ஈரோட்டு மஞ்சள் வியாபாரிக்குத் தமிழில் அச்சான பழைய ரசீதுகளைப் படிக்க, படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் 'டெசராக்ட்' வேண்டியிருந்தது. தமிழுக்கான பேக்கேஜ் பெயரைக் கொடுத்து ஒத்திகை பார்த்தால், டெசராக்ட் இயந்திரம், அதற்கு வேண்டிய லெப்டோனிகா நூலகம், ஆங்கிலத் தரவு எல்லாம் வரிசையாக வரும் என்று காட்டியது. புதிதாக வருபவை மட்டும்தான், நீக்கம் ஒன்றுமில்லை. சரி, போடலாம்.

பார்க்க வேண்டியது அந்த நீக்கப் பட்டியலைத்தான். 'ரிமூவ்டு' என்ற தலைப்பில் ஒன்றிரண்டு பெயர் இருந்தால் ஏன் என்று யோசியுங்கள். பத்துப் பதினைந்து பெயர் இருந்தால், அதிலும் டெஸ்க்டாப், நெட்வொர்க் மேனேஜர் மாதிரிப் பெயர் இருந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2021-ல் பிரபலமான ஒரு யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் விளையாட்டுக்காக ஸ்டீம் போடப் போய் டெஸ்க்டாப் முழுவதையும் இழந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, உலகமே பார்த்தது. கிடங்கில் அப்போது ஸ்டீமின் சார்புகள் பொருந்தாமல் இருந்தன. ஆப்ட் கணக்குப் போட்டு, ஸ்டீம் வேண்டுமானால் டெஸ்க்டாப் போக வேண்டும் என்று எழுதிக் காட்டி, உறுதிதானா என்று ஒரு முழு வாக்கியத்தையே தட்டச் சொன்னது. அவரும் தட்டினார். பிறகு ஆப்டிலேயே அந்தக் கதவை இறுக்கிவிட்டார்கள். ஆனாலும் சாதாரணமான 'ஒய்' கேள்வியில் என்டர் தட்டி மெஷினைக் கெடுத்துக்கொள்ள இன்னும் வழி நிறைய இருக்கிறது.

ஒத்திகையில் திருப்தி இல்லையென்றால் 'ஆப்ட் பாலிசி' போடுங்கள். இப்போது உள்ள பதிப்பு, வரப்போகும் பதிப்பு, அது எந்தக் கிடங்கிலிருந்து வருகிறது என்று மூன்றும் தெரியும். 'கேண்டிடேட்' என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால் உங்கள் கிடங்குகளில் அந்தப் பேக்கேஜே இல்லை. எத்தனை தடவை தட்டினாலும் வராது.

லிப் எஸ்எஸ்எல் 1.1 கதை

நான் அதிகம் சந்திக்கும் சிக்கு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லேபிள் அடிக்கும் யூனிட் ஒன்றுக்கு வெளியிலிருந்து ஒரு மென்பொருள் டெப் ஃபைலாக வந்தது. மெஷினில் டெபியன் 12. ஆப்ட் மறுத்தது: 'லிப் எஸ்எஸ்எல் 1.1' (ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் பழைய பதிப்பு) வேண்டும், நிறுவ முடியாது.

முதலாளி பக்கத்திலேயே நின்றார். "ஏனம்மிணி, அந்த லிப்பு என்னமோ இல்லைங்குது. நெட்டுல இருந்து எறக்கிப் போட்டா ஆகாதா?"

"போடலாமுங்கண்ணா. போட்டா ஓடவும் ஓடும். அப்புறம் அதுல ஓட்டை வந்தா அடைக்க ஆளு இருக்காதுங்க."

ஏன் இல்லை என்பதைப் பார்ப்போம். 2021 செப்டம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வந்தது. டெபியன் 11-ல் 1.1.1 இருந்தது, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் 3.0 மட்டும்தான். பழைய 1.1.1-க்கான பொது ஆதரவை ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டமே 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. மென்பொருள் கொடுத்தவர்கள் டெபியன் 11-ல் கட்டிய பழைய ஃபைலையே அனுப்பியிருக்கிறார்கள்.

இணையத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி சுற்றிக்கொண்டிருக்கிறது. 3-ஆம் பதிப்பு நூலக ஃபைலுக்கு 1.1 என்று பெயர் வைத்து ஒரு சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போடச் சொல்வார்கள். வேலைக்கு ஆகாது. நூலகத்தின் பெயருக்குப் பின்னால் வரும் அந்த எண், உள்ளே இருக்கும் செயல்பாடுகளின் அமைப்பு மாறியிருக்கிறது என்பதற்கான அடையாளம். நிரல் உள்ளே போய் 1.1.0 என்ற பதிப்புக் குறியைத் தேடும், கிடைக்காது, அங்கேயே விழும். விழுந்தால் தேவலாம். சில நூலகங்களில் இப்படி ஏமாற்றினால் விழாமல் தப்பாக ஓடும். அது இதைவிட மோசம்.

அப்ப என்னதான் செய்வது? முதலில் கொடுத்தவர்களிடம் கேளுங்கள். டெபியன் 12-க்குக் கட்டிய ஃபைல் வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால் போதும், பல சமயம் ஏற்கெனவே தயாராக இருக்கும், அனுப்பத்தான் மறந்திருப்பார்கள். வராது என்றால், டெபியன் 11-ஐ ஒரு தனி அறைக்குள் வைத்து அதில் ஓட்டலாம். 'டெபூட்ஸ்ட்ராப்' கட்டளையால் ஒரு ஃபோல்டருக்குள் டெபியன் 11-ஐ இறக்கி, 'சிஸ்டம்டி என்ஸ்பான்' மூலம் அதற்குள் நுழைந்து அங்கே அந்த மென்பொருளைப் போடுங்கள். வெளியே இருக்கும் சிஸ்டத்துக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் டெபியன் 11-ன் நீண்டகால ஆதரவும் 2026 ஆகஸ்டோடு சரி. ஆகவே இது தற்காலிக ஏற்பாடுதான், அந்த அறைக்கு இணையத்தைத் திறந்துவிட வேண்டாம்.

இதே வகைச் சிக்கு இனியும் வரும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் நிறைய நூலகங்களின் பெயருக்குப் பின்னால் 'டி64' என்று ஒட்டியிருக்கும். 2038 ஜனவரி 19-ல் 32 பிட் நேரக் கணக்கு நிரம்பி வழியும் என்பதால், நேரத்தை 64 பிட்டில் வைக்கும்படி 32 பிட் மெஷின்களுக்காக எல்லாவற்றையும் மறுபடி கட்டினார்கள். அதற்காக வைத்த பெயர்கள் இவை. வெளியிலிருந்து வந்த டெப் ஃபைல் பழைய பெயரைக் கேட்டுத் தகராறு செய்தால், முதலில் 'ஆப்ட் ஷோ' போட்டு டி64 பேக்கேஜ் பழைய பெயரையும் புரொவைட்ஸில் சொல்கிறதா என்று பாருங்கள்.

யார் இழுத்து வந்தது

"இது எதுக்கு இங்க இருக்குது?" என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த கட்டளை 'ஆப்டிட்யூட் ஒய்' (இந்த ஒய், 'ஏன்' என்று கேட்கும் ஆங்கிலச் சொல்). ஆப்டிட்யூடைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால், நீங்கள் கேட்டுப் போட்ட எந்தப் பேக்கேஜிலிருந்து எந்த வழியாக அது வந்தது என்று சங்கிலியாகக் காட்டும். 'ஒய் நாட்' என்று சேர்த்துக் கேட்டால் ஏன் போட முடியாது என்று சொல்லும். நேரடியாக யார் யார் இதைக் கேட்கிறார்கள் என்று மட்டும் பார்க்க 'ஆப்ட் ஆர்டிபெண்ட்ஸ்', கூட 'இரட்டைக் கோடு இன்ஸ்டால்டு'.

ஒரு ஃபைல் எந்தப் பேக்கேஜுடையது என்பதற்கு 'டிபிகேஜி ஹைபன் பெரிய எஸ்'. இன்னும் போடாத பேக்கேஜில் தேட 'ஆப்ட் ஃபைல் சர்ச்'. ஒரு நிரல் எந்த நூலகங்களை ஏற்றுகிறது என்று பார்க்க 'எல்டிடி'. 'நாட் ஃபவுண்டு' என்று வரும் வரிதான் குற்றவாளி. நம்பிக்கையில்லாத ஃபைலில் மட்டும் எல்டிடி போடாதீர்கள், அது அந்த நிரலை ஓட்டிவிடவும் கூடும்.

சங்கிலியைப் பார்ப்பது வீண் வேலை இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு நூலகத்தில் ஒருவர் பின்வாசல் வைத்தது வெளியே வந்தது. குறி, தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைய விடும் எஸ்எஸ்எச் சர்வர். எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. ஆனால் டெபியன் உட்பட சில விநியோகங்களில் எஸ்எஸ்எச் சர்வரை சிஸ்டம்டி நூலகத்தோடு இணைத்திருந்தார்கள், அந்த நூலகம் எக்ஸ்இசட்டை இழுத்து வந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் உள்ளே விட அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டித்தான் இதைக் கண்டுபிடித்தார். கெட்டுப்போன பதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகளான டெஸ்டிங்கிலும் அன்ஸ்டேபிளிலும் புகுந்திருந்தது, முறையாக வெளியிடும் ஸ்டேபிளுக்கு வரவில்லை.

அதனால்தான் யூனிட் மெஷின்களில் ஸ்டேபிள் தவிர வேறு எதையும் வைப்பதில்லை. "பதிப்பு பழசா இருக்குதே" என்று கேட்பார்கள். பழைய எண்தான், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். பதிப்பு எண்ணின் கடைசியில் 'டெப்12யூ4' மாதிரி ஒரு வால் இருந்தால் அந்தத் திருத்தங்கள்தான். எண்ணைப் பார்த்துப் பயந்து வெளிக் கிடங்கைச் சேர்க்க வேண்டாம்.

கிடங்குகளைக் குறைவாக வையுங்கள்

'சோர்சஸ் லிஸ்ட்' ஃபைலும் அதே பெயரோடு 'டாட் டி' சேர்ந்த ஃபோல்டரும் இட்சி என்ற ஃபோல்டரில் ஆப்டுக்குள் இருக்கும். பழைய மெஷின் கைக்கு வந்தால் நான் முதலில் திறப்பது இதைத்தான். டெபியன் மெஷினில் உபுண்டுக்காக யாரோ தனியாக வைத்த பிபிஏ கிடங்கு, பக்கத்தில் டெஸ்டிங் கிடங்கு, இன்னொரு பக்கம் பிரவுசர் கம்பெனியின் கிடங்கு என்று இருந்தால் கணக்கு எப்படிப் பொருந்தும்? ஒன்றிலிருந்து, பெரும்பாலான நிரல்களுக்கு அடித்தளமான சி நூலகம் ஏறிவிட்டால் மற்ற எல்லாம் அதன் பின்னால் இழுபடும். திரும்பி வரப் பாதையும் கிடையாது. கீழிறக்குவதை டெபியன் முறையாக ஆதரிப்பதில்லை.

புதுப் பதிப்பு நிஜமாகவே வேண்டுமானால், ஸ்டேபிளுக்காக அவற்றைக் கட்டி வைக்கும் டெபியனின் பேக்போர்ட்ஸ் கிடங்கு இருக்கிறது. அதைச் சேர்த்தாலும் அதிலிருந்து எதுவும் தானாக வராது. அதன் முன்னுரிமை 100, சாதாரணக் கிடங்கின் முன்னுரிமை 500. 'ஆப்ட் இன்ஸ்டால் ஹைபன் டி' போட்டு பேக்போர்ட்ஸின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மட்டும் அந்த ஒன்று வரும். இந்த எண்களை 'பிரெஃபரன்சஸ்' ஃபைலில் நீங்களே மாற்றலாம். 1000 அல்லது அதற்கு மேல் வைத்தால் ஆப்ட் கீழ்ப்பதிப்புக்கும் இறங்கும். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

'ஆப்ட் மார்க் ஹோல்டு' (ஆப்டுக்கும் மார்க்குக்கும் நடுவில் ஹைபன்) ஒரு பேக்கேஜை அதே பதிப்பில் நிறுத்தி வைக்கும். எம்பிராய்டரி யூனிட்டில் ஒரு பிரிண்டர் டிரைவரை அப்படி நிறுத்தி வைத்திருக்கிறேன். நிறுத்தியதை ஒரு காகிதத்தில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு பேக்கேஜ் ஏற மறுக்கும், யாருக்கும் காரணம் புரியாது. 'ஆப்ட் மார்க் ஷோ ஹோல்டு' போட்டால் தெரியும், ஆனால் அது யாருக்கு ஞாபகம் வருகிறது?

பைத்தான் தனி ராஜ்ஜியம்

நூல் எடை மெஷினிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையை வாங்கி எழுத ஒரு சின்னப் பைத்தான் நிரல் வைத்திருக்கிறேன். அதற்கு வேண்டியது 'பைசீரியல்' என்ற பைத்தான் நூலகம். பைத்தானின் சொந்த நிறுவும் கருவியான பிப் போட்டு நிறுவப் பார்த்தால் டெபியன் 12 முதல் சிஸ்டம் விடாது. இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லும். பைத்தானின் பெப் 668 என்ற விதிப்படி வந்தது. நல்ல விதி. டெபியனின் சொந்தக் கருவிகள் சிலவே பைத்தானில்தான் ஓடுகின்றன, பிப் அவற்றின் காலடியில் நூலகத்தை மாற்றினால் சிஸ்டமே தள்ளாடும்.

அந்தத் தடையைத் தாண்ட ஒரு சுவிட்ச் உண்டு, பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. சிஸ்டத்தை உடைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சுவிட்ச் அது, வேண்டாம். முதலில் 'ஆப்ட் சர்ச்' போடுங்கள். பைசீரியல் 'பைத்தான்3 சீரியல்' என்ற பெயரில் டெபியனிலேயே இருக்கிறது. எக்செல் எழுதும் ஓப்பன்பிஒய்எக்செல், பிடிஎஃப் உண்டாக்கும் ரிப்போர்ட்லேப் எல்லாமே அப்படிக் கிடைக்கும். டெபியனில் இல்லாதது வேண்டுமானால் 'பைத்தான்3 வென்வ்' போட்டு ஒரு மெய்நிகர் சூழல் உண்டாக்கி, அதற்குள் பிப் ஓட்டுங்கள். 'பிப் ஃப்ரீஸ்' தரும் பட்டியலை நிரலுக்குப் பக்கத்திலேயே சேமித்து வையுங்கள். எல்லாம் குழம்பினால் சூழல் ஃபோல்டரை அழித்துவிட்டுப் பட்டியலிலிருந்து மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் எந்த ஏரியா என்று போடுவார்கள். அன்று காலையில் அப்கிரேட் ஆரம்பிக்காதீர்கள். அறிவிக்காமல் போவதற்கு யூபிஎஸ்தான் வழி. பாதியில் நின்றுவிட்டால் பதறவும் வேண்டாம், டிபிகேஜி தான் எங்கே இருந்தேன் என்று எழுதி வைத்துக்கொண்டுதான் நடக்கும்.

மெஷின் எழுந்ததும் முதலில் 'டிபிகேஜி இரட்டைக் கோடு கான்ஃபிகர் ஹைபன் ஏ'. பிரித்து வைத்து அமைக்காமல் விட்டவற்றை முடிக்கும். அது முடிந்த பிறகு 'ஆப்ட் இரட்டைக் கோடு ஃபிக்ஸ் புரோக்கன் இன்ஸ்டால்', சார்பு குறைந்தவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும். இதிலும் நீக்கப் பட்டியலைப் படித்த பிறகே 'ஒய்'. பிறகு 'டிபிகேஜி ஹைபன் எல்' போட்டு ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள். 'ஐ ஐ' என்றால் நன்றாக இருக்கிறது. 'ஐ யூ' பிரித்ததோடு நின்றது, 'ஐ எஃப்' அமைப்பில் தோற்றது. 'ஆர் சி' என்பது நீக்கிய பேக்கேஜின் மிச்சம் மீதி, பயமில்லை. வேறு ஊரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக அப்கிரேட் செய்கிறீர்கள் என்றால் 'டிமக்ஸ்' உள்ளே செய்யுங்கள். உங்கள் பக்கம் லைன் போனாலும் வேலை அங்கே தொடரும்.

"லாக் ஃபைல் இருக்கிறது" என்று ஆப்ட் நின்றால் அந்த ஃபைலை அழிக்கச் சொல்லி ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். அழிக்காதீர்கள். பின்னணியில் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்ற தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். டிபிகேஜியின் ஒரே பதிவேட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் கரண்ட் போனதைவிடப் பெரிய வேலை ஆகிவிடும்.

ஒரே யூனிட்டில் ஐந்தாறு மெஷின் இருந்தால் ஒன்றில் 'ஆப்ட் கேச்சர் என்ஜி' போட்டு மற்றவற்றை அதன் 3142 போர்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள். ஒரு பேக்கேஜ் இணையத்திலிருந்து ஒரே தடவைதான் இறங்கும்.

கழிப்பதும் நகர்வதும்

நீங்கள் கேட்டுப் போட்டது எது, சார்பாகத் தானாக வந்தது எது என்று ஆப்டுக்குத் தெரியும். 'ஆட்டோ ரிமூவ்' தானாக வந்து இப்போது யாருக்கும் வேண்டாதவற்றை எடுக்கும். பழைய கெர்னல்களும் இதில்தான் போகும். பூட் பார்ட்டிஷன் நிரம்பி அப்கிரேட் நின்றுவிட்டால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பெரிய தொகுப்பு ஒன்றைக் கையால் நீக்கியிருந்தால், அதன் கீழே வந்த, நீங்கள் தினமும் பயன்படுத்தும் நிரலும் கழிவுப் பட்டியலில் வரக்கூடும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் 'ஆப்ட் மார்க் மேனுவல்' போட்டு அதை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

'ஆப்ட் மார்க் ஷோ மேனுவல்' தரும் பட்டியலை ஒரு ஃபைலில் போட்டு வேறு மெஷினிலும் வைத்துவிடுங்கள். டிஸ்க் போனால் பேக்கேஜ்களை மறுபடி போட அது உதவும்; சார்புகளை ஆப்ட் பார்த்துக்கொள்ளும். என்ன மாறியது, எப்போது மாறியது என்பதற்கு 'வார்' ஃபோல்டரில் 'லாக்' உள்ளே 'ஆப்ட்' என்ற இடத்தில் 'ஹிஸ்டரி' ஃபைல் இருக்கிறது. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க" என்று யாராவது சொன்னால் அதைத் திறந்து நேற்றைய தேதியைப் பாருங்கள்.

12-லிருந்து 13-க்கு ஏற்றும்போது முதலில் வெளிக் கிடங்குகளை நிறுத்துங்கள், ஹோல்டுகளை எடுங்கள், இருக்கும் பதிப்பை முழுதாகப் புதுப்பியுங்கள், பேக்கப் எடுங்கள். பிறகு கிடங்கு ஃபைலில் புக்வர்ம் (12-ன் பெயர்) என்று இருக்கும் இடமெல்லாம் ட்ரிக்ஸி (13-ன் பெயர்) என்று மாற்றி, அப்டேட், அப்கிரேட், கடைசியாக ஃபுல் அப்கிரேட். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மறுபடி பூட் செய்த பிறகு 'ஆப்ட் லிஸ்ட்' போட்டு மேற்கோளுக்குள் அலைக்குறியும் ஆங்கில ஓவும் கொடுத்தால், எந்தக் கிடங்கிலும் இப்போது இல்லாமல் மெஷினில் மட்டும் தொங்கிக்கொண்டிருப்பவை பட்டியலாக வரும். அதில் லிப் என்று ஆரம்பிக்கும் பழைய நூலகங்களை ஒத்திகை பார்த்து எடுத்துவிடலாம். வெளியிலிருந்து டெப் ஃபைலாகப் போட்டவையும் அந்தப் பட்டியலில் இருக்கும், அவற்றுக்கு 13-க்கான புது ஃபைல் வந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எதற்குப் போட்டது என்றே தெரியாத பெயர் இருந்தால் 'ஆப்டிட்யூட் ஒய்' கேட்டுவிட்டு எடுங்கள்.